அதலைக்காய்ப் புளிக்குழம்பில் கசப்பு எங்கே போகிறது?

ஐப்பசி மழை இறங்கிய பிறகு விருதுநகர் மாவட்டத்தில் குமாரலிங்கபுரம் பக்கத்துக் கரிசல் வரப்புகளில் ஒரு கொடி தானாகப் படரும். யாரும் விதைப்பதில்லை, உரம் வைப்பதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதன் காயை அதலைக்காய் என்பார்கள், பேச்சில் அதலக்காய். விரல்நுனி அளவுதான் இருக்கும். மேலே வரிவரியாக முகடுகள் ஓடும். பாகற்காய்க்கு நெருங்கிய சொந்தம், கசப்பிலும் சொந்தம்தான். தாவரவியலாளர்கள் வைத்த பெயர் மொமார்டிகா சிம்பலேரியா.

இந்தக் காயில் ஒரு புளிக்குழம்பு வைத்தால், தட்டில் பரிமாறும்போது கசப்பு இருக்கும். ஆனால் முகம் சுளிக்க வைக்காது. சோற்றோடும் கம்பஞ்சோற்றோடும் இழைந்து இன்னும் ஒரு கை போடச் சொல்லும். பாலோ தயிரோ நெய்யோ அதில் ஒரு சொட்டு கிடையாது. இன்று நனிசைவம் என்று நகரங்களில் தேடிப் போகிற உணவு, மானாவாரிக் காட்டில் நல்லெண்ணெயும் புளியும் மிளகாய் வத்தலும் கொண்டு அன்றாடம் பொங்கியதுதான். அந்தக் குழம்பின் நுட்பம் எந்தப் பொருளை எந்த நேரத்தில் சட்டியில் போடுகிறோம் என்ற வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் வேதியியலில் காரணம் உண்டு.

முதலில் கொடியைப் பற்றி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மீதி மாதங்களில் கரிசல் வெடித்துக் கிடக்கும். அதலைக்கொடி இந்த நிலத்துக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. மண்ணுக்கடியில் அதற்கு ஒரு கிழங்கு உண்டு. கோடையில் மேலே இருக்கும் கொடி முழுக்கக் காய்ந்து போகும். கிழங்கு மட்டும் உறங்கும். ஈரம் பட்டதும் அதிலிருந்தே துளிர்த்து, பூத்து, காய்த்து, தை மாதம் தாண்டுவதற்குள் வேலையை முடித்துவிடும். காயும் அவசரக்காரக் காய். பறித்த பிறகு அதிக நேரம் வைத்திருந்தால் வெடித்து விதையைச் சிதறிவிடும். அதனால்தான் பெரிய சந்தைகளுக்கு இது அதிகம் போவதில்லை. காலையில் பறித்ததை அன்றைக்கே சமைக்க வேண்டும். இல்லையென்றால் உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வற்றலாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி கசப்பு. பாகல் குடும்பத்துக் காய்களில் கசப்பைத் தருபவை குக்கர்பிட்டேன் வகையைச் சேர்ந்த டிரைடெர்ப்பீன் சேர்மங்கள். பூச்சிகளும் ஆடுமாடுகளும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்கச் செடி தயாரித்துக்கொண்ட காப்பு இது. மனித நாக்கில் கசப்பை உணர மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு இத்தனை கிடையாது. இயற்கையில் நஞ்சுகள் பலவும் கசப்பவை. அவற்றில் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்றே உடல் இத்தனை காவலர்களை நிறுத்தியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கசக்க வேண்டிய காய் கசப்பது வேறு, கசக்கக் கூடாத காய் கசப்பது வேறு. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் ஆகியவை வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அவற்றில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் ஏறியிருக்கிறது என்று பொருள். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் கடும் வாந்தியும் இரத்தப்போக்கும் கண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள், இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2012-இல் வெளியானது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அது சொன்னது. வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அதலைக்காயின் கசப்பு அப்படிப்பட்டதல்ல. தலைமுறை தலைமுறையாக உண்டு பழகிய கசப்பு. இருந்தாலும் காயைத் தவிர கொடியின் வேறு பாகத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. கிழங்குக்குக் கருவைக் கலைக்கும் தன்மை இருப்பதாக விலங்கு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

சமையலுக்கு வருவோம். காயின் காம்பையும் நுனியையும் கிள்ளி எறிந்துவிட்டு முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும். பாகற்காயைப் போல வட்டவட்டமாக நறுக்க வேண்டாம். கசப்புச் சேர்மங்கள் திசுவுக்குள் இருக்கின்றன. கத்தி படப்பட உடைந்த செல்களிலிருந்து அவை வெளியேறி எண்ணெயிலும் புளித்தண்ணீரிலும் பரவும். முழுக்காயாகப் போட்டால் குழம்பு தன் ருசியில் நிற்கும், கசப்பு காய்க்குள் நிற்கும். கடிக்கும்போது மட்டும் தெரியும். அதலக்காயைப் போட்டு ஓயாமல் கிண்டாதே என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே.

காயைக் கழுவியதும் உப்பைப் பிசிறி வைப்பது அடுத்த வேலை. உப்பு தண்ணீரை இழுத்து வெளியேற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது செய்யும் இன்னொரு வேலை நாக்கில் நடக்கிறது. அமெரிக்காவில் மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பால் பிரெஸ்லின், கேரி பீச்சம் இருவரும் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கசக்கும் யூரியாவையும் சர்க்கரையையும் கலந்த கரைசலில் ஒரு சோடியம் உப்பைச் சேர்த்தார்கள். கசப்பு குறைந்தது, அதனால் அதுவரை அடங்கிக் கிடந்த இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. சோடியம் கசப்பை மட்டும் அடக்கி, மற்ற சுவைகளுக்கு வழி விடுகிறது. கசப்பை மறைக்கச் சட்டியில் வெல்லத்தை அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதலைக்காயிலும் மெல்லிய இனிப்பு உண்டு. உப்பு சரியாக விழுந்தால் அது தானே வெளிப்படும். கடைசியில் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி போதும். அதுவும் விருப்பம் இருந்தால்.

அடுப்பில் மண்சட்டியை வைத்து நல்லெண்ணெய் விடுங்கள், தாராளமாக. இந்த வட்டாரத்தின் மானாவாரிப் பயிர்களில் எள்ளும் ஒன்று. செக்கில் எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம். நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் என்ற இயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. சூட்டில் செசமோலின் சிதைந்து செசமால் ஆகிறது. அது எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சிக்கு வாடை அடிப்பதைத் தடுக்கும் ஆற்றல் உடையது. ஊறுகாய்க்கும் வத்தக்குழம்புக்கும் நம்மவர்கள் வேறு எண்ணெயைத் தேடாததில் நியாயம் இருக்கிறது. கொழுப்பு நாக்கில் படிந்து கசப்பின் வேகத்தையும் மட்டுப்படுத்தும்.

தாளிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. ஆனால் குழம்பின் மணத்தில் பாதி அங்கேதான் உருவாகிறது. மிளகாய், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணமும் நிறமும் பெரும்பாலும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெயோ 170 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். அந்தச் சூட்டில் கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது; அதுதான் வெடிப்பு. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரம், பொரித்த கடுகில் ஏன் இல்லை? காரத்தை உண்டாக்க மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். சூடான எண்ணெய் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால் பொரிந்த கடுகு காரத்தை விட்டுக் கொட்டைகளின் மணத்தைத் தருகிறது.

வெந்தயத்தில் மட்டும் கண் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னிறத்தில் நின்றால் மணம், கருத்தால் கசப்பு. ஏற்கெனவே கசக்கும் காயை வைத்துக்கொண்டு கருகிய வெந்தயத்தின் கசப்பையும் சேர்ப்பது இந்தக் குழம்புக்குச் செய்யும் பெரிய கெடுதல். ஆகவே கடுகு வெடித்த பிறகே வெந்தயம். அதன் பின் கறிவேப்பிலை, பெருங்காயம். பெருங்காயத்தின் பச்சை வாடைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். எண்ணெயில் பொரிந்ததும் அவை வெங்காயம் பூண்டை நினைவூட்டும் மணமாக மாறும்.

உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்குங்கள். வெங்காயத்தில் நிறையத் தண்ணீர் இருக்கிறது; அது வற்றும் வரை சட்டியில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் போன பிறகுதான் நிறம் ஏறும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் விரைவாகக் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் விவரித்த வினை இது. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் சட்டி மறுபடி 100 டிகிரிக்கு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் இந்த மணம் வராது. வதக்க வேண்டியதைத் தண்ணீருக்கு முன்னால் வதக்கியாக வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு மூடும் குழம்பு ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு விளக்கம் இது.

வெங்காயம் சிவந்ததும் அதலைக்காயைப் போட்டு, தோல் சுருங்கி ஆங்காங்கே நிறம் மாறும் வரை மெதுவாகப் புரட்ட வேண்டும். அதன் மேல் மஞ்சள்தூளும் வறுத்து அரைத்த மசாலாவும். மல்லி, சீரகம், மிளகு, வத்தல், ஒரு கரண்டி பச்சரிசி: இவற்றை வறுத்துப் பொடித்தது. அரிசி எதற்கு? அதில் உள்ள மாவுச்சத்து 70 டிகிரி வாக்கில் தண்ணீரை உறிஞ்சி உப்பி, குழம்பைத் திக்காக்கும். குழம்பு சுண்டும் வரை எண்ணெயும் புளித்தண்ணீரும் தனித்தனியாகப் பிரியாமல் பிடித்து வைக்கும்.

வத்தலுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. அண்டை மாவட்டத்து ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர்ச் சந்தை வத்தல் விலைக்குப் பெயர்போனது. வத்தலில் இருக்கும் காரப்பொருள் கேப்சைசின். காரம் என்பது அறுசுவைக் கணக்கில் இருந்தாலும் உடலியலின்படி அது சூட்டு உணர்வு. 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைக் கேப்சைசின் பற்றிக்கொள்கிறது. 1997-இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. காரம் ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லாமல் போவதற்கும், எண்ணெயில் வதங்கிய பொடியின் காரம் குழம்பு முழுக்க ஒரே சீராகப் பரவுவதற்கும் காரணம் ஒன்றே: கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். குழம்பின் மேலே மிதக்கும் சிவந்த எண்ணெய்க்கும் அதே கதை. கேப்சாந்தின் என்ற சிவப்பு நிறமி எண்ணெயில்தான் இறங்கும்.

இப்போது புளி. புளியின் புளிப்பு பெரும்பாலும் டார்ட்டாரிக் அமிலம். அது காயை வேகவிடாமல் தடுக்கும். காய்கறிச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால் காய் மெத்தென்று ஆகும். புளிக்குழம்பின் அமிலத்தன்மையில் பெக்டின் எளிதில் கரையாது. கத்தரிக்காய், முருங்கைக்காய் என்றால் முதலில் பாதிக்கு மேல் வேகவைத்துவிட்டுப் புளியை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் கொதித்தாலும் நறுக்கென்று நிற்கும். அதலைக்காயில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. சின்னஞ்சிறு காய், குழைந்தால் கசப்பு முழுக்க வெளியேறிவிடும். எண்ணெயில் வதங்கியதும் புளியை ஊற்றினால் காய் உருக்குலையாமல் நிற்கும். ஒரே புளி, எந்த நேரத்தில் ஊற்றுகிறோம் என்பதை வைத்து ஒரு காய்க்குக் கெடுதலும் இன்னொரு காய்க்கு நன்மையும் செய்கிறது.

புளிக்குழம்புக்கு மண்சட்டி ஏன் என்பதும் இங்கேயே விளங்கும். அமிலம் அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும். பித்தளைக்கு வெள்ளீயம் பூசியது அதனால்தான். சுட்ட மண்ணோடு புளி வினைபுரிவதில்லை. தடித்த மண்சட்டி சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியின் சமையலைப் பற்றிப் பேச முடியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. இந்தத் தண்ணியில பருப்பு வேகாது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அது நூற்றுக்கு நூறு உண்மை. இப்படிப்பட்ட கடின நீரில் கால்சியம், மக்னீசிய அயனிகள் நிறைய இருக்கும். பெக்டின் இழைகளுக்கு இடையில் கால்சியம் புகுந்து ஒன்றையொன்று கோத்துக் கட்டிவிடும். சூளையில் வைத்த செங்கல்லைப் போலப் பருப்பு இறுகிப் போகும். எத்தனை விறகு எரித்தாலும் கரையாது. ஊருணித் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பருப்புக்கென்று தனியாகக் குடத்தில் பிடித்து வைத்த பெண்கள், வேதியியல் சொல்லும் தீர்வைத்தான் கையாண்டார்கள். மழைநீரில் கால்சியம் மிகக் குறைவு. சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார்கள். அது தண்ணீரைக் காரத்தன்மைக்கு மாற்றிப் பெக்டினை விரைவாக உடைக்கும். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கும். பருப்பை முந்தின இரவே நல்ல தண்ணீரில் ஊறவைப்பது அதைவிட மேல்.

ஊருணியில் தண்ணீர் நின்றபோது பருப்புக் குழம்பு எளிது. அது வற்றி, குழாயிலும் உவர்நீர் வரும் நாள்களில், பருப்பில்லாத புளிக்குழம்பே அடுப்புக்கு ஏற்றது. காய் குழையாமல் நிற்க உவர்நீரின் கால்சியமும் ஒத்தாசை செய்கிறது. வறண்ட சீமையில் வத்தக்குழம்பும் புளிக்குழம்பும் இத்தனை வகையாக வளர்ந்ததற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்ததும் இறக்கலாம். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும். உப்பும் புளிப்பும் காய்க்குள் மெல்ல ஊடுருவ அந்த நேரம் தேவைப்படுகிறது. அமிலமும் உப்பும் சேர்ந்து கிருமிகள் பெருகுவதைத் தாமதப்படுத்துவதால் சட்டென்று கெட்டும் போகாது.

சத்து விஷயத்தில் மிகையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளதே போதுமான பெருமை. அதலைக்காயின் சத்துகளைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 100 கிராம் காயில் 72 மில்லிகிராம் கால்சியமும் 290 மில்லிகிராம் வைட்டமின் சியும் இருக்கின்றன. வைட்டமின் சியில் ஒரு பங்கு சூட்டில் போய்விடும். புளியின் அமிலம் அந்த இழப்பைக் கொஞ்சம் குறைக்கும். சர்க்கரை நோய்க்கு இது மருந்து என்று பரப்புவது சரியல்ல. எலிகளில் கண்ட விளைவுகளை வைத்து மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் போகக் கூடாது. மஞ்சளும் அப்படித்தான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல், மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் உடலில் பலமடங்கு சேர்வதைக் காட்டினார்கள். ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு வாக்கில்தான் இருக்கிறது. கால் கரண்டி மஞ்சளில் அது சில பத்து மில்லிகிராம். குழம்பைச் சாப்பாடாகச் சாப்பிடுவோம். கம்பஞ்சோறும் இந்தக் குழம்பும் ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டலும் இருந்தால், தானியத்தில் குறையும் லைசின் பயறிலும் பயறில் குறையும் மெத்தியோனின் தானியத்திலும் கிடைத்துவிடும். பாலும் முட்டையும் இல்லாமலே புரதம் நிறைவாகும்.

இந்தக் காயைத் தோட்டப்பயிராக யாரும் பெரிய அளவில் வளர்ப்பதில்லை. அது வரப்பில் தானாக இருக்கிறது, அவ்வளவுதான். வரப்பில் களைக்கொல்லி அடித்தால் கொடி போகும். எந்திரம் விட்டு வரப்பைக் கரைத்தால் கிழங்கு போகும். விதைக்கடையில் போய் வாங்கிவர அதலை விதை எளிதில் கிடைக்காது. ஆகவே கரிசல் காட்டு நிலக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வரப்போரத்துக் கொடியை விட்டுவையுங்கள், காயைப் பறியுங்கள், கிழங்கைக் கிண்டாதீர்கள். மழைக்காலத்தில் அருப்புக்கோட்டைச் சந்தைப் பக்கம் போகிறவர்கள், கூறு வைத்து விற்கும் பாட்டியிடம் அதலக்காய் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்க ஆள் இருக்கிற காயைத்தான் பறித்துவர ஆள் இருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு என்று வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.